குடத்தில் வழிந்திருந்த ஈயத்தை எடுத்த கதை

அம்மாவுக்குச் சீராக வந்த பித்தளைக் குடம். கழுத்து மூட்டு விட்டு ஒழுகியபோது, தெருவில் வந்த ஒருவர் ஈயப்பற்று வைத்துக் கொடுத்தாராம். ஒழுகல் நின்றது. ஆனால் ஈயம் உள்ளங்கை அகலத்துக்கு வழிந்து, புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த ஆச்சியின் பெயரில் பாதியை மூடிவிட்டது.

முதலில் புளி போட்டுத் தேய்த்தேன். புளி களிம்பைத்தான் எடுக்கும். ஈயம் அப்படியே இருந்தது. அப்புறம் அரம். ஈயம் மெத்தென்று இருப்பதால் அரத்தின் பல்லில் அடைத்துக்கொண்டது, அரம் வழுக்கிப் பக்கத்துப் பித்தளையில் கீறல் விழுந்தது. பெயரே போய்விடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

சரி, சூடுதான் வழி. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பித்தளை உருக 900 டிகிரி வரை போக வேண்டும். அதனால் சிறு தீயே போதும். குடத்தை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், கேஸ் டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். ஈயம் கண்ணாடிபோல மின்னிய நொடியில், தடித்த கையுறையோடு பருத்தித் துணியால் ஒரே இழுப்பு. பெரும்பகுதி வந்துவிட்டது. புள்ளிகளுக்குள் தங்கியதை, குடம் சூடாக இருக்கும்போதே, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவிய செம்புப் பின்னல் நாடாவை வைத்து சால்டரிங் அயர்னால் அழுத்தினேன். நாடா உறிஞ்சிக்கொண்டது.

மிஞ்சிய வெள்ளைப் படலத்தை 600 நம்பர் எமரித் தாளால் தண்ணீர் விட்டுத்தான் தேய்த்தேன். காய்ந்த ஈயத்தூள் மூச்சில் போகக் கூடாது. எழுத்துமேல் எமரியைப் படவிடவில்லை. மூங்கில் குச்சியில் பாலிஷ் தொட்டு ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தேன். இரண்டு மாலை ஆனது. அம்மா விரலால் தடவி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

பதில்:
அண்ணா, கழுத்து மூட்டை மறுபடி பற்றவைக்கக் கொடுப்பதாக இருந்தால் ஒரு பொட்டு ஈயம்கூட மிஞ்சக் கூடாது. என் அண்டாவில் பழைய ஈயத்தை அரைகுறையாக எடுத்துவிட்டு பித்தளைப் பற்று (ஈயத்துக்குப் பதிலாகப் பித்தளையை உருக்கி ஒட்டுவது) வைக்கச் சொன்னேன். அந்தச் சூட்டில் மிச்ச ஈயம் பித்தளையை அரித்துவிட்டது. கடுகளவு ஓட்டை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஆனது.

பதில்:
நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. மூட்டின் உள்பக்கம் இன்னும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது. அதையும் எடுத்த பிறகே பட்டறைக்குக் கொண்டுபோகிறேன். அதுவரை குடிதண்ணீர் பிடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.