அப்பாவை மருத்துவ ஆய்வில் சேர்க்கக் கேட்கிறார்கள்: கையெழுத்திடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி | வைகைக்கரையான்

வணக்கம். என் தந்தைக்கு 63 வயது; அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சென்ற வாரம் மூச்சுத் திணறல் ஏற்பட்டு மீண்டும் மருத்துவமனையில் சேர்த்தோம். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான் இருக்கிறது என்றார்கள். இப்போது தேறிவிட்டார், நாளை மறுநாள் டிஸ்சார்ஜ்.

நேற்று மாலை ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வந்து பதினெட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார். இதயச் செயலிழப்புக்கான புதிய மாத்திரை ஒன்றைப் பற்றிய ஆய்வு அது. எல்லோருக்கும் வழக்கமான மருந்துகள் தொடரும். கூடுதலாகப் பாதிப் பேருக்குப் புதிய மாத்திரையும், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் மருந்தில்லாத மாத்திரையும் தருவார்களாம். யாருக்கு எது என்பதைக் கணினி தீர்மானிக்கும், டாக்டருக்கும் தெரியாது என்கிறார்கள்.

"டாக்டரே கேட்கும்போது மாட்டேன்னு எப்படிப்பா சொல்றது" என்று அப்பா பேனாவை எடுத்துவிட்டார். நான்தான் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறேன். நம்மைப் போன்றவர்களை வைத்துத்தான் இவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள் என்கிறார் என் மாமா. மருந்து நல்லது என்று தெரிந்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதுதானே, பாதிப் பேருக்கு ஏன் வெறும் மாத்திரை? மறுத்தால் அப்பாவைக் கவனிப்பது குறையுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 | எண்ணும் எழுத்தும்

மருத்துவ ஆய்வுகளில் புள்ளியியல் பணி செய்பவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். மருந்து நல்லது என்பது இன்னும் தெரியாது. தெரியாததால்தான் ஆய்வு நடக்கிறது.

இதற்கு இதய மருத்துவத்திலேயே மறக்கக் கூடாத ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் அவ்வப்போது தாளம் தப்பிய துடிப்புகள் தோன்றும். அவை மிகுதியாக உள்ளவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பும் அதிகம். எனவே அந்தத் துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று 1980-களில் மருத்துவர்கள் நம்பி, அதற்கான மாத்திரைகளைப் பலருக்கும் எழுதிக் கொடுத்துவந்தார்கள். ஈசிஜி-யில் துடிப்புகள் குறைவதைக் கண்ணால் பார்க்க முடிந்ததால் பெரும்பாலோருக்கு ஐயம் எழவில்லை. அமெரிக்காவில் தொடங்கிய 'காஸ்ட்' என்னும் ஆய்வு, என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு ஆகிய மருந்துகளால் துடிப்பு நன்றாக அடங்கிய நோயாளிகளையே தேர்ந்தெடுத்து, அவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தது. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989-இல் அந்த இரு மருந்துகளையும் ஆய்விலிருந்து இடையிலேயே நிறுத்தினார்கள்.

வெறும் மாத்திரை பெற்ற குழு இல்லாமல் போயிருந்தால், அந்த 63 பேரும் நோய் முற்றி இறந்தார்கள் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். இன்றைக்கும் அதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

யாருக்கு எது என்பதை மருத்துவரே தீர்மானித்தால், அவரை அறியாமலேயே சற்றுத் தெம்பாக இருப்பவர்களைப் புதிய மருந்தின் பக்கம் சேர்த்துவிடக்கூடும். அப்புறம் குணமானது மருந்தாலா, உடல் தெம்பாலா என்று பிரித்தறிய முடியாது. அதனால்தான் கணினியிடம் விடுகிறார்கள். அவசர நிலையில் உங்கள் தந்தை பெறுவது எந்த மாத்திரை என்பதை உடனே கண்டறிய வழி வைத்திருப்பார்கள். அது எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள மருந்துப் பட்டியலையும், ஆய்வுக்காலத்தில் எவையெல்லாம் தொடரும் என்று படிவம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்போதைய மாத்திரைகளில் ஒன்றையேனும் நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பதில் 2 | தமிழாசிரியை (ஓய்வு)

மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி தந்து, பங்கேற்பவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழு ஒன்றில் நான் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக இருக்கிறேன். மருந்து ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி அக்குழுவில் ஏழு பேராவது இருக்க வேண்டும். மருத்துவர் அல்லாத பொதுநபர் ஒருவரும் சட்டம் அறிந்த ஒருவரும் அதில் கட்டாயம். படிவத்தின் தமிழைச் சோதிப்பதுதான் என் முக்கியப் பணி. ஒருமுறை "பங்கேற்பாளர் சமவாய்ப்பாக்கத்திற்கு உட்படுத்தப்படுவார்" என்று ஒரு வரி வந்தது. இதைப் படித்து எந்த நோயாளிக்கு என்ன புரியும் என்று கேட்டு, "நீங்கள் எந்தக் குழுவில் சேர்வீர்கள் என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல முடிவாகும்" என்று மாற்ற வைத்தேன். புரியாத வரி இருந்தால் அது உங்கள் குறை அன்று, எழுதியவர்களின் குறை. பதினெட்டுப் பக்கத்தையும் வரி வரியாக விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மறுத்தாலும், சேர்ந்தபின் பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது என்பது விதி. படிவத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும். ஆய்வினால் உடலுக்குக் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும். ஆய்வு சிடிஆர்ஐ எனப்படும் அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பதிவு எண்ணை வைத்து நீங்களே இணையத்தில் பார்க்கலாம். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் இந்தப் பதிவு கட்டாயம். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் படிவத்தில் இருக்கும். தயங்காமல் அழைக்கலாம், அழைப்பவர்கள் எங்களுக்குத் தொல்லை அல்லர்.

பதில் 3 | சேத்துப்பட்டு வாசி

மாமாவின் அச்சத்தைப் புறந்தள்ள மாட்டேன். என் அம்மா சேர்ந்திருந்த ஆய்வில் (ஊரும் மருத்துவமனையும் வேண்டாம்) ஒருங்கிணைப்பாளர் நான்கு மாதத்தில் மாறிவிட்டார். காலில் வீக்கம் வந்தபோது பழைய எண்ணை அழைத்து அழைத்து ஓய்ந்தோம். பத்திரமாக வைத்திருந்த படிவ நகலில் இருந்த நெறிமுறைக் குழுவின் எண்தான் கைகொடுத்தது.

ஆனாலும், ஏழைகளிடம் நடந்த ஆய்வு ஏழைகளுக்கே பயன்பட்ட வரலாறும் நம் ஊரில் இருக்கிறது. 1950-களில் காசநோய் என்றால் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் ஓய்வும் ஊட்டமான உணவும் இருந்தால்தான் குணமாகும் என்ற எண்ணம் இருந்தது. படுக்கைகளோ மிகக் குறைவு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கும் மற்றவர்களை வீட்டுக்கும் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்பி, இரு தரப்புக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் இரு காசநோய் மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான இடம், மட்டமான உணவு, வேலைக்கும் போக வேண்டிய நிலை. ஓராண்டு முடிவில் நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கும் வீட்டுச் சிகிச்சையால் தொற்று அபாயம் கூடவில்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்காமலே குணப்படுத்தலாம் என்று உலகம் ஏற்றுக்கொள்ள இந்த முடிவு பெரிதும் உதவியது.

அந்த நோயாளிகளின் வீட்டுக்கே போய் மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். உங்கள் அப்பாவின் ஆய்வில் அப்படித் தொடர்ந்து கவனிக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கும்.

கேள்வியாளரின் மறுமொழி | வைகைக்கரையான்

மூவருக்கும் நன்றி. இன்று காலை ஒருங்கிணைப்பாளர் அப்பாவின் கட்டிலருகே அமர்ந்து ஒன்றரை மணி நேரம் படிவத்தை வாசித்து விளக்கினார். மருந்துப் பட்டியலை ஒப்பிட்டோம். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. பதிவு எண் சிடிஆர்ஐ தளத்தில் இருக்கிறது. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரி மூச்சு முட்டினா யாரைக் கூப்பிடணும்?" ஒருங்கிணைப்பாளர் தம் எண்ணைச் சொன்னார். தாங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் என்று நான் கேட்டதும் சற்று யோசித்து, ஆய்வுப் பொறுப்பு மருத்துவரின் எண்ணையும் இரவுப் பணி அறையின் எண்ணையும் படிவத்தின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அவசரமில்லை, பத்து நாள் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்போது முடிவைச் சொன்னால் போதும் என்றார்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். அம்மாவும் படிக்க வேண்டும் என்கிறார்.