ஸ்ஃபிங்ஸ் தமிழாக்கத்தில் உருபு ஒட்டினால் இணைப்பு உடைகிறது

வணக்கம். கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றின் வலைத்தளத்தைத் தன்னார்வலர்களாகத் தமிழாக்கி வருகிறோம். மூலம் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்னும் குறியீட்டு வடிவில் உள்ளது, அதிலிருந்து தளத்தை உருவாக்குவது ஸ்ஃபிங்ஸ் என்னும் கருவி, மொழிபெயர்ப்பு வரிகள் அடங்கிய பிஓ கோப்புகளைத் திருத்துவது போஎடிட் செயலியில். சென்ற மாதம் பயனர் கையேட்டைத் தொடங்கியதிலிருந்து, இணைப்புக் குறியை ஒட்டி வேற்றுமை உருபு வரும் இடங்களிலெல்லாம் இணைப்பு உருவாகாமல் பேக்டிக் (`) குறிகள் பக்கத்தில் அப்படியே தெரிகின்றன.

இடைவெளி விட்டால் இணைப்பு வேலை செய்கிறது. ஆனால் 'அறிமுகவுரை யில்' என்று பிளந்து வாசகர் முன் வைக்க எங்களுக்கு மனமில்லை. உருபுக்கு முன் பின்சாய்வுக்கோடும் (\) இடைவெளியும் இட்டால் இரண்டும் சரியாகின்றன. எனினும் புதிதாக வருவோர் இதைத் தவறவிடுகிறார்கள். பிஓ கோப்பைப் போஎடிட் இல்லாமல் நேரடியாகத் திறந்து திருத்துவோர் அக்கோட்டை இரட்டிக்காவிட்டால் கோப்பைத் தொகுக்கும் பணியே பிழை காட்டி நின்றுவிடுகிறது.

சொல்லின் நடுவிலும் குறியீட்டை ஏற்கும் டாக்யூட்டில்ஸ் (ஸ்ஃபிங்ஸின் அடிப்படை நிரல்தொகுப்பு) அமைப்பை, ஆங்கில மூலத்தைத் தொடாமல் தமிழ்ப் பதிப்புக்கு மட்டும் ஸ்ஃபிங்ஸில் எவ்வாறு இயக்குவது?