புதுப்பிப்பு: மாடிக் கணினிக்கு கேபிள் இழுத்தாயிற்று

கீழ்த்தள ரவுட்டரின் வைஃபை மாடிக் கணினிக்கு எட்டவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) வேண்டாமென்று 35 மீட்டர் கேட் 6 (ஒரு வகை நெட்வொர்க் கேபிள்) கேபிளே இழுத்தாயிற்று. 100 மீட்டர் வரை தாங்கும், நடுவில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் நெட்வொர்க் சுவிட்ச் தேவையில்லை.

முதலில் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே (நொடிக்கு 100 மெகாபிட்) நின்றது. ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். அதனால் நீலமோ பழுப்போ விட்டுப்போனாலும் இணையம் வந்துகொண்டுதான் இருக்கும், கோளாறு கண்ணில் படாது. கேபிள் டெஸ்டரில் (எட்டுக் கம்பிகளுக்கும் ஒவ்வொரு விளக்கு எரியும் சோதனைக் கருவி) 7-ஆம் விளக்கு எரியவில்லை: வெள்ளை-பழுப்பு. பழுதான முனையை வெட்டி, மறுமுனையின் அதே நிற வரிசையில் புது ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிளின் முனைப் பிளக்) கிரிம்ப் செய்ததும் (கருவியால் அழுத்திப் பொருத்தியதும்) 1000 வந்துவிட்டது.

முழுச் செம்புக் கேபிளையே வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் வளைவுகளில் எளிதில் ஒடியும். மின்சார வயர் போகும் குழாய்க்குள் மட்டும் நெட்வொர்க் கேபிளைச் செருகவே வேண்டாம்.