மறு: செயல் வரிசையா, பிணைவலுவா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஒரு கணக்கில் பல குறிகள் இருந்தால் எதை முதலில் செய்வது என்ற விதிக்கு (ஆங்கிலத்தில் operator precedence) கணக்குப் புதிர்ப் புத்தகத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைக்கலாம் என்ற பேச்சின் தொடர்ச்சி இது. நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்:

> கணினிப் பக்கம் 'செயலி முன்னுரிமை' ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, செயலி என்றால் இன்று எல்லாருக்கும் கைப்பேசியில் இறக்கிக்கொள்வதுதான். புதிர்ப் புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லில் கூட்டலும் பெருக்கலும் தென்படாது.

'செயல் வரிசை' எளிதுதான். ஆனால் எனக்குப் பெரிய தயக்கமே அதில்தான். வரிசை என்றதும் ஒன்றன்பின் ஒன்று என்று மனம் பிடித்துக்கொள்கிறது. பாட்மாஸை (BODMAS: அடைப்பு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்று வரிசையை நினைவில் வைக்க உதவும் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்த பிள்ளை, கூட்டல் முன்னால் வருகிறதே என்று 10 − 4 + 3 இல் 4 + 3 ஐ முதலில் கூட்டி, விடை 3 என்று எழுதிவிடுகிறது. விடை 9. கூட்டலும் கழித்தலும் ஒரே தரம், இடமிருந்து வலமாகப் போக வேண்டும். பெருக்கல், வகுத்தலும் அப்படியே.

உள்ளபடி நடப்பது என்ன? நடுவில் நிற்கும் எண்ணை இரு பக்கத்துக் குறிகளில் எது இழுத்துக்கொள்கிறது என்பதே கேள்வி. 2 + 3 × 4 இல் அந்த 3 பெருக்கலோடு போகிறது. அதனால் என் பரிந்துரை 'பிணைவலு'. பெருக்கலுக்குப் பிணைவலு அதிகம், கூட்டலுக்குக் குறைவு, அடைப்புக்குறி போட்டால் எந்தப் பிணைப்பையும் மாற்றலாம்.

புதிரிலேயே பார்ப்போம். 3, 3, 8, 8 ஆகிய நான்கையும் ஆளுக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்தி 24 கொண்டுவர வேண்டும். விடை:

8 ÷ (3 − 8 ÷ 3)

உள்ளே 8 ÷ 3 தானாகச் சேர்ந்துகொள்கிறது. 3 இலிருந்து அதைக் கழித்தால் மூன்றில் ஒரு பங்கு. 8 ஐ அதால் வகுத்தால் 24. அடைப்பை எடுத்துவிட்டால் அதே எண்கள், அதே குறிகள், விடை மட்டும் 0! சிலர் 8 ÷ (3 − (8 ÷ 3)) என்று எழுதுவார்கள். தவறில்லை, ஆனால் உள் அடைப்பு இல்லாமலே வகுத்தலின் பிணைவலு அந்த வேலையைச் செய்துவிடும். அந்த உள் அடைப்பை 'மிகை அடைப்பு' எனலாம்.

2019 இல் இணையத்தைக் கலக்கிய 8 ÷ 2(2 + 2) சண்டையும் இங்கேதான் வருகிறது. 16 என்றும் 1 என்றும் இரு கட்சி. குறி போடாத பெருக்கலுக்குப் பிணைவலு வகுத்தலுக்குச் சமமா, கூடுதலா? சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்விதான். 'வரிசை'யை வைத்துக்கொண்டு இதை இவ்வளவு சுருக்கமாகக் கேட்க முடியவில்லை.

வேதியியலில் பிணைப்பு இருக்கிறதே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். இருக்கட்டும், அங்கும் சேர்த்துப் பிடிப்பதுதானே பொருள்.

மிச்சம் ஒன்று. அடுக்கின்மேல் அடுக்கு வந்தால் மேலிருந்து கீழே வர வேண்டும்: 2 இன் அடுக்கு 3, அந்த 3 இன் அடுக்கு 2 என்றால் 512, 64 அல்ல. பாடநூலில் 'சேர்ப்புப் பண்பு' இருப்பதால் இதற்கு 'வலச்சேர்ப்பு' (வலப்பக்கம் முதலில் சேர்வது), கழித்தல் வகுத்தலுக்கு 'இடச்சேர்ப்பு' (இடப்பக்கம் முதலில் சேர்வது) என்று வைத்திருக்கிறேன். பள்ளியில் கணக்கு எடுப்பவர்கள் இந்த இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்து, பிள்ளைகள் வாயில் நுழைகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்.