ஹிமாலயன் 411: பட்டன் டயரா, பொது டயரா?

ஒரகடம்_ஓட்டி
என்னிடம் இருப்பது 2021 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். பின் டயர் மொட்டையாகிவிட்டது. முன் டயரும் அதிக நாள் தாங்காது. வார நாட்களில் தாம்பரத்திலிருந்து ஒரகடம் வரை தார்ச்சாலை. விடுமுறை கிடைத்தால் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை. செப்டம்பரில் வண்டியை ரயிலில் சண்டிகருக்கு அனுப்பி, ஹிமாச்சலப் பிரதேசத்தில் சிம்லா, கின்னௌர் வழியாக ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் காசா போய், குன்சும் கணவாய் ஏறி, பாத்தல், கிராம்பூ வழியாக மணாலியில் இறங்குவதாகத் திட்டம். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று கான்டினென்டல் டிகேசி 80 போன்ற பட்டன் டயர், அதாவது பெரிய ரப்பர் கட்டைகள் இடைவெளி விட்டு நிற்கும் டயர். மற்றொன்று பைரெல்லி எம்டி60 போல, கட்டைகள் நெருக்கமாக அமைந்த, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர். எதை வாங்கலாம்? ஒரு ஜோடிக்குத்தான் பணம் இருக்கிறது.

செம்மண்_பாதை
பட்டன் டயர். முன்னும் பின்னும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டயரை வழியின் மிக மோசமான பகுதியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பாத்தலிலிருந்து கிராம்பூ வரை பாதை என்பது பெயருக்குத்தான்: உருண்டைக் கற்கள், நடுவில் குறுக்கே ஓடும் ஓடைகள், மழை பெய்தால் சேறு. தார்ச்சாலையில் பிடிப்பு குறைந்தால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். சேற்றில் பிடிப்பே இல்லாவிட்டால் வேகத்தைக் குறைத்து என்ன பயன்? கட்டைகளுக்கு நடுவே சேறு அடைத்துக்கொண்டால் பொது டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான். கல்வராயன் மலையில் மழைக்குப் பின் செம்மண் ஏற்றத்தில் பொது டயர் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வால்பாறை_40
அன்புள்ள செம்மண், உங்கள் வாதம் செம்மண்ணுக்குப் பொருந்தும். ஸ்பிட்டிக்குப் பொருந்தாது. பட்டன் டயர் வேலை செய்ய, கட்டை இறங்கித் தோண்டுவதற்கு மண்ணோ மணலோ சேறோ வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த வழியில் பெரும்பகுதி கல். கல்லுக்குள் கட்டை இறங்காது. கல்லின் மேல் எவ்வளவு ரப்பர் படுகிறது, டயர் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதுதான் அங்கே பிடிப்பைத் தீர்மானிக்கும்.

இப்போது தார்ச்சாலைக்கு வருகிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழையில் அந்தச் சாலை நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். அங்கே பட்டன் டயரோடு வண்டியைச் சாய்த்துப் பாருங்கள். உயரமான கட்டைகள் ஒவ்வொன்றும் அழுத்தத்தில் நெளியும். வண்டி நாம் நினைத்த கோட்டில் போகாமல் ஓர் இழை தள்ளிப் போவது கைப்பிடியில் தெரியும். கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் சாலையைத் தொடும் ரப்பரும் குறைவு. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும். நண்பர் வருடம் முழுக்க ஓட்டப்போவது வண்டலூர் பக்கத்து லாரிகளுக்கு நடுவில். அங்கே திடீரென்று நிற்க வேண்டிய ஒரு கணத்துக்காகத்தான் டயர் வாங்க வேண்டும்.

செம்மண்_பாதை
சரி, பின் டயரை விட்டுக்கொடுக்கிறேன். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியின் வால் ஆடும், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் நேராகிவிடும். முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்கும் முன்பே தரையில் கிடப்போம். ஆகவே முன்னால் பட்டன், பின்னால் பொது டயர். பின் டயர்தான் வேகமாகத் தேயும், எனவே செலவும் மிச்சம்.

வால்பாறை_40
அதே காரணத்துக்காகத்தான் நான் வேண்டாம் என்கிறேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருடையது. அந்த இடத்தில் ஈரத் தாரில் பிடிப்புக் குறைந்த டயரை மாட்டச் சொல்கிறீர்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

செம்மண்_பாதை
ஈரத் தாரில் மெதுவாகப் போவது ஓட்டுநரின் கையில் இருக்கிறது. ஓடையின் நடுவே நகரும் கல் அவர் கையில் இல்லை.

வால்பாறை_40
முன்னால் போகும் லாரி பிரேக் போடுவதும் அவர் கையில் இல்லை.

டியூப்_லிவர்
இருவருமே டயரைப் பற்றிப் பேசுகிறீர்கள், உள்ளே இருக்கும் டியூபைப் பற்றி ஒரு சொல் இல்லை. டயர் கடையில் வேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன். 411-இல் ஸ்போக் ரிம். கம்பிகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு வருவதால் காற்று நிற்காது, டியூப் கட்டாயம். டயரின் மேல் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் இதில் டியூப் போட்டுத்தான் மாட்ட வேண்டும். கல் பாதையில் பிடிப்புக்காகக் காற்றழுத்தத்தை 18, 20 பிஎஸ்ஐ என்று இறக்கிவிட்டு வேகமாகப் போனால், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். சுமை ஏற்றிய வண்டியில் இது சாதாரணம். கொஞ்சமாக இறக்குங்கள், மெதுவாகப் போங்கள், தார் வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள். அதற்குக் கையில் பம்ப் வேண்டும்.

21 அங்குல முன் டியூப் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்னால் 17 அங்குல டயருக்குள்ளும் திணித்து அடுத்த ஊர்வரை போய்விடலாம். பின் டியூபை முன்னால் போட முடியாது.

வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பின் டயரில் சுமை எண் 64 என்று இருந்தால் 280 கிலோ தாங்கும். அதைவிடக் குறைந்த எண்ணை, விலை மலிவு என்று வாங்காதீர்கள். வேக எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். க்யூ என்றாலே 160 கிலோமீட்டர், இந்த வண்டி அந்த வேகத்துக்குப் போகாது.

புதிய_ஓட்டி
பின்னால் 120/90-17-க்குப் பதில் 130/80-17 போட்டால் அகலம் கூடிப் பிடிப்பும் கூடுமா?

டியூப்_லிவர்
தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. 120-இல் 90 சதவீதம் 108 மில்லிமீட்டர், 130-இல் 80 சதவீதம் 104. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ரிம் அதே ரிம்; அகல டயரை அதில் மாட்டினால் ஓரம் உள்வாங்கி உருவம் மாறும், சேறு வெளியேற இடமும் குறையும். கம்பெனி அளவையே போடுங்கள்.

இயற்பியல்_ஆசிரியை
காற்றைப் பற்றி ஒன்று. குன்சும் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, அந்த உயரத்தில் சுமார் 8.4. மானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை என்பதால் அளவு 6 பிஎஸ்ஐ கூடித் தெரிய வேண்டும். ஆனால் குளிர் இருக்கிறதே. 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ நிரப்பிய டயர் 0 டிகிரியில் ஏறக்குறைய நாலரை இழக்கும். இரண்டையும் சேர்த்தால் மிஞ்சுவது ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ. உயரத்தில் டயர் வெடித்துவிடும் என்ற பயத்தில் கணவாயில் நின்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். மணாலிக்கு இறங்கும்போது வெளியழுத்தம் ஏற ஏற டயர் இன்னும் தொய்ந்துபோகும். கீழே இறங்கும் வளைவுகளில் அதுதான் ஆபத்து.

டியூப்_லிவர்
நன்றி டீச்சர். இதை எங்கள் கடைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

ஒரகடம்_ஓட்டி
எல்லோருக்கும் நன்றி. இரண்டு சக்கரத்துக்கும் பொது டயரே வாங்குகிறேன். லாரி வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தினமும் அந்தச் சாலையில்தான் போகிறேன். புதுடயரின் வழவழப்புப் போவதற்காக ஜூலையிலேயே மாட்டிவிடுகிறேன். பம்ப், 21 அங்குல டியூப், டயர் கழற்றும் லிவர் இரண்டு பையில் இருக்கும். டியூப் மாற்றவும் கற்றுக்கொள்கிறேன்.

செம்மண்_பாதை
நான் ஏற்கவில்லை. முன்னால் பட்டன் இல்லாமல் அந்தச் சேற்றில் நீங்கள் சிரமப்படுவீர்கள் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் முடிவு உங்களுடையது, ஆகவே இதைக் கேளுங்கள். அந்த ஓடைகள் பனி உருகி வருபவை. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும், பிற்பகலில் கல்லே தெரியாது. காசாவிலிருந்து ஒரே நாளில் மணாலி என்று திட்டமிடாதீர்கள். முந்தைய இரவு குன்சுமுக்கு முன்னால் வரும் லோசரில் தங்கி, விடியும்போதே கிளம்பி, வெயில் ஏறும் முன் கிராம்பூவைத் தொடப் பாருங்கள். கடக்கும் முன் இறங்கி நடந்து பாருங்கள். உங்கள் டயருக்கு அந்த நேரத்துத் தண்ணீர்தான் பொருந்தும்.

வால்பாறை_40
இதில் செம்மண் சொல்வது முழுக்கச் சரி. எந்த டயராக இருந்தாலும் காலையிலேயே கடந்துவிடுங்கள்.