ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலவில்லை: பிரஷ் மட்டும் மாற்றினால் போதுமா?

குளச்சலில், கடலுக்கு மிக அருகில் குடியிருக்கிறோம். எங்களுடைய 2009 மாடல், 800 சிசி பெட்ரோல் கார், மூன்று வாரங்களாகச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஓசையோடு நின்றுவிடுகிறது. ஹெட்லைட் சிறிதும் மங்குவதில்லை.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. கடற்காற்றில் பச்சைக் களிம்பேறியிருந்த எர்த் கேபிளின் முனையை, செம்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கியும் பயனில்லை. சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்சான சோலினாய்டின் மோட்டார் பக்கத்துப் போல்ட்டில் 12.4 வோல்ட் வருவதால், பழுது சோலினாய்டில் இல்லை என்றே கருதுகிறேன். மோட்டாரின் உடலில் ஸ்பேனரால் மெல்லத் தட்டினால் சில நாள்களில் வண்டி கிளம்பிவிடுகிறது. ஆனால் வாரம் மூன்று முறை அம்மாவை டயாலிசிஸுக்காக நாகர்கோவிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், அதை நம்பியிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை நானே கழற்றப் போகிறேன். பிரஷ்களை (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கார்பன் துண்டுகளை) மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது ஆர்மேச்சர் என்ற அந்தச் சுழலும் பகுதியில் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரையும் லேத்தில் கடைந்தாக வேண்டுமா?