ஒரே செடியின் வேறு வேறு விதைகள்: எந்தச் சொல் பொருந்தும்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரே செடி தனித்தனி வகை விதைகளைத் தருவதை ஆங்கிலத்தில் seed heteromorphism என்கிறார்கள். அதற்கு நாம் தேடும் தமிழ்க் கலைச்சொல்லுக்கு வந்த பரிந்துரைகள் பற்றி என் கருத்து இது.

> 'விதை உருவேறுபாடு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் ஒரே நெற்றுக்குள் ஒரு விதை பெருத்தும் இன்னொன்று சிறுத்தும் இருப்பதையும் உருவேறுபாடு என்றுதானே சொல்வோம்? அங்கே சிறியதற்கும் பெரியதற்கும் இடையில் எல்லா அளவும் கிடைக்கும். நாம் பெயர் தேடுவது அதற்கல்ல. ஒரு செடியே இரண்டோ மூன்றோ தனித்தனி வகை விதைகளைத் தருகிறது. வகைக்கு வகை முளைக்கும் காலமும் மாறுகிறது.

மருளூமத்தையைப் பாருங்கள். அதன் முள்காய் ஒவ்வொன்றிலும் இரண்டே விதைகள். கீழ் விதை பெரியது, முதல் பருவத்திலேயே முளைத்துவிடும். மேல் விதை பெரும்பாலும் அடுத்த ஆண்டோ அதற்குப் பிறகோதான் எழும். அதன் உறை ஆக்சிஜனை எளிதில் உள்ளே விடாததே காரணம் என்று 1906-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் வில்லியம் குரோக்கர் எழுதினார். உறையை நீக்கிவிட்டால் அதுவும் முளைக்கிறது. சக்கரவர்த்திக் கீரையில் பழுப்பு விதைக்கு மெல்லிய உறை, சீக்கிரம் முளைக்கும். கறுப்பு விதைக்குத் தடித்த உறை, மண்ணில் உறங்கிக் கிடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கானாவாழை. மண்ணுக்கு மேலே காய்ப்பது போதாதென்று, மண்ணுக்குள்ளும் விரியாத பூக்களை வைத்துக் காய்க்கிறது. இரண்டு இடத்திலும் பெரியது, சிறியது என விதைகள். ஆக நான்கு வகை. மண்ணுக்குள் விளைந்த பெரிய விதைக்குத்தான் உறக்கம் மிகக் குறைவு. களையைப் பிடுங்கி முடித்த நிலத்தில் அது மறுபடியும் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனையும் ஒரே தாய்ச்செடியின் விதைகள். அதனால்தான் 'பல்லுருமை'யும் எனக்கு ஒப்பவில்லை. ஓர் இனத்தின் வெவ்வேறு உயிரிகளுக்கிடையே மரபு வழியாக வரும் வேறுபாட்டுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

> 'மாற்றுரு வித்து' எப்படி?

காதுக்கு இனிமைதான். ஆனால் தாவரவியலில் வித்து என்றால் விதை மட்டுமல்ல; பூக்காத செடியான பெரணியின் வித்தகம் என்ற பையில் உண்டாவதையும் (spore) வித்து என்கிறோம். மாற்றுரு என்றால் ஒன்று இன்னொன்றாக மாறியது போலவும் தொனிக்கிறது. இங்கே எதுவும் மாறவில்லை, தொடக்கம் முதலே வேறாக விளைகிறது.

ஆகவே என் பரிந்துரை 'விதை வேற்றுருமை'. வேறு, ஊர் சேர்ந்து வேற்றூர் ஆவதுபோல, வேறு, உரு சேர்ந்து வேற்றுரு. இரண்டு வகை மட்டும் இருந்தால் 'ஈருரு விதை' போதும். அப்புறம், சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் விதை என்பது உண்மையில் கனி. அங்கே 'கனி வேற்றுருமை' என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

கூடவே இன்னொரு சொல்லும் வேண்டும். ஒரே மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அடுத்த மழை பொய்த்தால் அந்த ஆண்டின் விளைச்சல் முழுதும் போய்விடும். பகுதி பகுதியாக முளைப்பதால் செடி அதிலிருந்து தப்புகிறது. இதைத் 'தவணை முளைப்பு' எனலாமா? தவணை கடனோடு ஒட்டிய சொல் என்று சிலர் தயங்கலாம். ஆனால் 'படிப்படியான முளைப்பு' என்றால் ஒரே விதை மெல்ல மெல்ல முளைப்பதாகத் தோன்றுகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "சக்கரவர்த்திக் கீரையின் விதை வேற்றுருமை, தவணை முளைப்புக்கு வழிசெய்கிறது." எனக்குத் தடங்கலில்லாமல் ஓடுகிறது. '-மை' உறுத்தினால் 'வேற்றுருத்தன்மை' என்று நீட்டலாம்; குட்டையான வடிவத்துக்கே என் வாக்கு.